வியட்நாம் போருக்குள் அமெரிக்கா எப்படி இழுக்கப்பட்டது?

உலகின் மிகப் பெரிய வல்லரசு, தன் கரையிலிருந்து பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஓர் ஏழை விவசாய நாட்டில் போய் ஏன் சண்டையிட்டது, அந்த முடிவை யார், எந்த நாளில் எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு நாளைக் காட்டவே முடியாது. அமெரிக்க நாடாளுமன்றம் வியட்நாம் மீது முறைப்படி போர்ப் பிரகடனம் செய்ததே இல்லை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறவன். இதே கேள்வியைக் கேட்கும் மாணவர்கள் இரண்டு பதில்களையும் கையோடு கொண்டுவருவார்கள். கம்யூனிசத்தைத் தடுக்கப் போனார்கள் என்பது ஒன்று. எளிதாக வென்றுவிடலாம் என்ற ஆணவத்தில் போனார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதை அமெரிக்க அரசின் சொந்த ஆவணங்களே மறுக்கின்றன. 1971-இல் வெளிவந்த, பாதுகாப்புத் துறையின் ரகசியக் கோப்புகளான பென்டகன் ஆவணங்களையும், அதிபர் ஜான்சனின் தொலைபேசி உரையாடல் பதிவுகளையும் பார்த்தால், முடிவெடுத்தவர்களில் பலர் வெற்றியை நம்பவில்லை என்பது புலப்படும். நம்பாமலேயே போனார்கள். தன் ஆட்சிக் காலத்தில் வியட்நாம் கைநழுவியது என்ற பழியை ஏற்க அடுத்தடுத்து வந்த நான்கு அதிபர்களில் ஒருவரும் துணியவில்லை. ஒவ்வொருவரும் தன் காலத்தில் தோற்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் முன்னே போனார். அடுத்தவர் அங்கிருந்து தொடங்கினார்.

கதை 1945-இல் தொடங்குகிறது. அப்போது அமெரிக்காவும் வியட்நாமின் கம்யூனிஸ்ட் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். ஜப்பானியருக்கு எதிராகப் போராடிய அவருடைய வியட் மின் படைக்குப் பயிற்சி அளிக்க அமெரிக்க உளவுத் துறையின் சிறு குழு ஒன்று வட வியட்நாமின் காடுகளில் பாராசூட்டில் இறங்கியது. நோயுற்றுக் கிடந்த ஹோ சி மின்னுக்குச் சிகிச்சை அளித்தவர் அந்தக் குழுவின் மருத்துவ உதவியாளர். செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தபோது, உரையின் தொடக்கத்திலேயே அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளை எடுத்துச் சொன்னார். ஆதரவு கேட்டு அதிபர் ட்ரூமனுக்குக் கடிதங்களும் தந்திகளும் அனுப்பினார். பதில் வரவே இல்லை.

அதே மாதத்தில் தெற்கே சைகோனில் நடந்தது நமக்கும் தொடர்புடையது. சரணடைந்த ஜப்பானியரின் ஆயுதங்களைப் பெறுவதற்கென்று பிரிட்டன் அனுப்பியது இந்திய ராணுவத்தின் 20-ஆவது டிவிஷனை. ஜெனரல் கிரேசி தலைமையில் வந்த அந்தப் படை, பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் ஆட்சியைப் பிடிக்க வழிசெய்து கொடுத்தது. நம் நண்பர்களுக்கு எதிராக நம் சிப்பாய்களையே ஏவுகிறார்களே என்று நேரு வெட்கமும் கோபமுமாகக் கண்டித்தார். சைகோனில் இருந்த அமெரிக்க உளவு அதிகாரி பீட்டர் டூயி, பிரெஞ்சுக்காரர்களின் கதை இங்கே முடிந்துவிட்டது, நாம் தென்கிழக்கு ஆசியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று எழுதினார். செப்டம்பர் 26 அன்று, பிரெஞ்சுக்காரர் என்று தவறாக எண்ணிய வியட் மின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே உயிரிழந்த முதல் அமெரிக்கர்களில் ஒருவர் அவர். வெளியேறுங்கள் என்ற அறிவுரை முதல் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது என்பதை வகுப்பில் நான் எப்போதும் சொல்வேன்.

பிறகு ஏன் அமெரிக்கா பிரான்சின் பக்கம் சாய்ந்தது? இதற்கான காரணம் வியட்நாமில் இல்லை, ஐரோப்பாவில் இருந்தது. சோவியத் படைகள் ஜெர்மனியின் பாதியில் நின்றுகொண்டிருந்தபோது, மேற்கு ஐரோப்பாவின் பாதுகாப்புக்குப் பிரான்ஸ் தேவைப்பட்டது. அதன் காலனியைப் பற்றிப் பேசி அதைப் பகைத்துக்கொள்ள வாஷிங்டன் விரும்பவில்லை. 1949-இல் சீனா மாவோவின் கைக்குப் போனது. அமெரிக்காவின் சொத்து ஒன்றை யாரோ தொலைத்துவிட்டதைப் போல, சீனாவை இழந்தது யார் என்று குடியரசுக் கட்சியினர் ட்ரூமனைக் குடைந்தெடுத்தார்கள். 1950 ஜனவரியில் சீனாவும் சோவியத் யூனியனும் ஹோ சி மின் அரசை அங்கீகரித்தன. அடுத்த மாதமே பிரான்ஸ் நிறுத்திய பொம்மை அரசர் பாவோ தாயின் அரசை அமெரிக்கா அங்கீகரித்தது. மே மாதத்தில் உதவியும் அறிவிக்கப்பட்டது. ஜூனில் கொரியப் போர் வெடித்த பிறகு இந்த முடிவைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போயிற்று. 1954-இல் ஹோ சி மின் படைக்கு எதிராகப் பிரான்ஸ் நடத்திய இந்தோசீனப் போரின் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவே கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வீரனைக்கூடச் சண்டைக்கு அனுப்பாமலேயே அந்தப் போர் அமெரிக்கப் பணத்தில் நடந்தது.

சீனா பற்றிய அந்தச் சண்டையில் நடந்த இன்னொரு சேதம் பலருக்குத் தெரியாது. மாவோ வெல்லப்போகிறார் என்று முன்கூட்டியே உண்மையை எழுதிய வெளியுறவுத் துறை வல்லுநர்கள், ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ் போன்றவர்கள், துரோகிகள் என்று முத்திரை குத்தப்பட்டுப் பதவியிழந்தார்கள். சீன மொழியும் ஆசியாவும் அறிந்த ஒரு தலைமுறையே துறையிலிருந்து துடைக்கப்பட்டது. சீனாவுக்கும் வியட்நாமுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டு ஆதிக்கமும் எதிர்ப்பும் இருந்தன, ஹோ சி மின்னின் கம்யூனிசம் விடுதலை வேட்கையோடு பிணைந்தது என்று எடுத்துச் சொல்லத் தகுதியுள்ளவர்கள், தேவைப்பட்ட நேரத்தில் அந்த அறைகளில் இல்லை. எஞ்சியவர்களுக்கோ, உண்மையை எழுதினால் வேலை போகும் என்ற பாடம் மனத்தில் பதிந்திருந்தது.

1954 மார்ச்சில் தியென் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை வியட் மின் முற்றுகையில் சிக்கியது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பலாமா என்று வாஷிங்டனில் ஆலோசனை நடந்தது. ஒரு நாடு விழுந்தால் அடுத்தடுத்து நிற்கும் நாடுகளும் டோமினோ கட்டைகளைப் போலச் சரியும் என்று அதிபர் ஐசனோவர் பேசியது ஏப்ரல் 7 அன்று. ஆனால் அவர் படை அனுப்பவில்லை. தரைப்படைத் தலைவர் ரிட்ஜ்வே கடுமையாக எதிர்த்தார். ஏப்ரல் 3 அன்று வெளியுறவு அமைச்சர் டல்லஸ் அழைத்துப் பேசிய நாடாளுமன்றத் தலைவர்கள், கூட்டாளி நாடுகள் சேராவிட்டால் சம்மதமில்லை, இன்னொரு கொரியா வேண்டாம் என்றார்கள். பிரிட்டன் சேர மறுத்தது. மே 7 அன்று தியென் பியன் பூ வீழ்ந்தது. அன்று 'இன்னொரு கொரியா வேண்டாம்' என்ற தலைவர்களின் நடுவே செனட்டர் லிண்டன் ஜான்சனும் இருந்தார். பதினொரு ஆண்டுகள் கழித்து லட்சக்கணக்கில் படை அனுப்பப்போகிறவர் அவர்தான்.

ஐசனோவர் போரைத் தவிர்த்தார் என்று அவரைப் பாராட்டுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. படையை அனுப்பாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஜெனீவா ஒப்பந்தம் 17-ஆவது அட்சக்கோட்டில் நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்து, 1956 ஜூலையில் இரு பகுதிகளுக்கும் பொதுவான தேர்தல் என்றது. அதைக் கண்காணிக்க அமைந்த சர்வதேச ஆணையத்துக்கு இந்தியாதான் தலைமை. தேர்தல் நடக்கவே இல்லை. நடந்தால் ஹோ சி மின் வெல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். சண்டை நடந்த காலத்தில் தேர்தல் வைத்திருந்தால் எண்பது சதவீதம் பேர் அவருக்கே வாக்களித்திருக்கக்கூடும் என்று ஐசனோவரே பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். தென் வியட்நாமின் பிரதமராக வந்த நோ தின் தியெம் தேர்தலை மறுத்தார். அமெரிக்கா அவருக்குத் துணை நின்றது.

தியெம் நேர்மையற்றவர் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பணியாத தேசியவாதி அவர். ஆனால் பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், தன் குடும்பத்தையும் கத்தோலிக்கச் சிறுபான்மையையும் மட்டுமே நம்பி ஆட்சி செய்தவர். 1955-இல் பாவோ தாயை நீக்க அவர் நடத்திய பொது வாக்கெடுப்பில் 98 சதவீத வாக்குகள் தனக்குக் கிடைத்ததாக அறிவித்தார். சைகோனில் பதிவு செய்திருந்த வாக்காளர்கள் சுமார் 4,50,000 பேர். விழுந்த வாக்குகள் 6 லட்சத்துக்கு மேல். இப்படிப்பட்டவரை 1961-இல் துணை அதிபராகச் சைகோன் வந்த ஜான்சன் ஆசியாவின் சர்ச்சில் என்று புகழ்ந்தார். ஒரு தனிமனிதரின் நாற்காலியோடு ஒரு வல்லரசின் மானம் கட்டப்பட்டுவிட்டது.

வடக்கின் தலைநகரான ஹனோயில் இருந்த ஹோ சி மின் அரசைக் கை கட்டி நின்ற அப்பாவியாகச் சித்திரிப்பதும் வரலாறாகாது. 1959 ஜனவரியில் தெற்கில் ஆயுதப் போராட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது வடக்கின் கட்சித் தலைமை. லே ஸ்வான் போன்ற தலைவர்கள் போரை விரைவுபடுத்தவே விரும்பினார்கள். ஆட்களையும் ஆயுதங்களையும் தெற்கே கொண்டுசெல்ல ஹோ சி மின் பாதை உருவானது. 1960 டிசம்பரில், தெற்கின் கெரில்லாக்களை ஒருங்கிணைத்த தேசிய விடுதலை முன்னணி அமைந்தது. ஆனால் அந்தப் போராட்டத்துக்குத் தெற்கின் கிராமங்களில் மண் ஏற்கெனவே பதமாக இருந்தது. அதைப் பதப்படுத்தியதில் நிலத்தைத் திரும்பப் பிடுங்கிய தியெமின் அதிகாரிகளுக்கும், அவருடைய சிறப்பு நீதிமன்றங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

அடுத்து வந்த அதிபர் கென்னடியை யாரும் எச்சரிக்காமல் இல்லை. 1961-இல் பாரிஸில் சந்தித்தபோது பிரெஞ்சு அதிபர் டி கோல், அங்கே கால் வைத்தால் அடி தெரியாத சேற்றில் மூழ்குவீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். கென்னடியும் புரிந்துகொண்டிருந்தார். படை அனுப்புவது மது குடிப்பதைப் போல, போதை இறங்கியதும் இன்னொரு கோப்பை வேண்டும் என்று தன் உதவியாளர் ஷ்லெசிங்கரிடம் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர்தான், சுமார் 900 பேராக இருந்த ராணுவ ஆலோசகர்களின் எண்ணிக்கையை 1963 இறுதிக்குள் சுமார் 16,000 ஆகும்படி விட்டார். ஆலோசகர்கள் என்பது பெயர்தான். ஹெலிகாப்டர் ஓட்டினார்கள், குண்டு வீசினார்கள், இறந்தார்கள். 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் கிராமத்தில் சுமார் 350 கெரில்லாக்கள் தங்களைவிடப் பல மடங்கு பெரிய அரசுப் படையைத் தடுத்து நிறுத்தி, ஐந்து அமெரிக்க ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள். களத்தில் இருந்த அமெரிக்க ஆலோசகர்கள் தோல்வி என்றார்கள். மேலிடம் அதை வெற்றி என்று அறிவித்தது.

அந்த ஆண்டு மே மாதம் ஹுவே நகரில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை வந்தது. எதிர்த்துக் கூடியவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 11 அன்று சைகோன் சாலைச் சந்திப்பில் துறவி திக் குவாங் துக் தீக்குளித்தார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் போனது. தியெம் மீது அமெரிக்கா நம்பிக்கை இழந்தது. ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டனிலிருந்து சைகோன் தூதருக்குப் போன தந்தி, தியெம் திருந்தாவிட்டால் தளபதிகள் அவரை நீக்குவதை அமெரிக்கா தடுக்காது என்ற பொருளைத் தந்தது. நவம்பர் முதல் நாள் ஆட்சிக் கவிழ்ப்பு; மறுநாள் தியெமும் அவருடைய தம்பியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 4 அன்று கென்னடி ஒலிநாடாவில் பதிவு செய்த குறிப்பில், இதில் நமக்குக் கணிசமான பொறுப்பு உண்டு என்கிறார். பதினெட்டு நாட்களில் அவரும் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவை வியட்நாமோடு இறுகக் கட்டிய முடிச்சு எது என்று கேட்டால், 1964-இல் டான்கின் வளைகுடாவில் நடந்த கடல் மோதல் என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். நான் தியெமின் கொலையைச் சொல்வேன். அதுவரை, உங்கள் நாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விலக ஒரு வழி இருந்தது. ஓர் அரசைக் கவிழ்க்க உடந்தையாக இருந்த பிறகு, அடுத்து வரும் ஒவ்வோர் அரசும் அமெரிக்காவின் பிள்ளையாகிவிடுகிறது. அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் சைகோனில் தளபதிகள் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்ப அமெரிக்கா மட்டுமே இருந்தது.

ஜான்சன் பதவியேற்ற இரண்டாம் நாளே சைகோன் தூதர் லாட்ஜை அழைத்து, சீனா போன வழியில் தென்கிழக்கு ஆசியா போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அதிபராக நான் இருக்க மாட்டேன் என்று சொன்னார். ஆனால் 1964 மே 27 அன்று தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் அவர் பேசிய தொலைபேசிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். அது போரிடத் தகுந்த இடம் என்று தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது என்கிறார். எனக்கு வியட்நாம் எதற்கு, இந்த நாட்டுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கிறார். அதே நாளில் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலும் அவரும் பேசுகிறார்கள். இருவருக்கும் இந்தப் போரில் நம்பிக்கையில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது கோபம். தகுதியில்லாத போர் என்று அறிந்த ஒருவர், அதற்கு மற்றவர்களின் பிள்ளைகளை அனுப்பினார். அறியாமையால் வந்த போரை மன்னிப்பது எளிது. இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

ஆகஸ்ட் 2 அன்று டான்கின் வளைகுடாவில் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் தாக்கின. அதற்கு முன்பு அந்தக் கடற்கரையில் அமெரிக்காவின் மறைமுக ஆதரவோடு தென் வியட்நாமியர் தாக்குதல் நடத்தி வந்தது அமெரிக்க மக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆகஸ்ட் 4 இரவில் இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. சில மணி நேரத்திலேயே களத்தில் இருந்த கேப்டன் ஹெரிக், மோசமான வானிலையும் ஒலியுணர் கருவியைக் கவனித்தவரின் பதற்றமும் காரணமாக இருக்கலாம், முழுமையாக ஆராய்ந்துவிட்டு முடிவெடுங்கள் என்று தகவல் அனுப்பினார். யாரும் காத்திருக்கவில்லை. விமானங்கள் புறப்பட்டன. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. ஆகஸ்ட் 7 அன்று, தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமலும், செனட்டில் 88-க்கு 2 என்றும் நிறைவேறியது. எதிர்த்த இருவர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங்.

அந்தத் தீர்மானத்தைப் பையில் வைத்துக்கொண்டே, ஆசிய இளைஞர்கள் தாங்களே செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்க இளைஞர்களை அனுப்பமாட்டேன் என்று ஜான்சன் அக்டோபரில் தேர்தல் மேடையில் பேசினார். நவம்பரில் 61 சதவீத வாக்குகளோடு வென்றார்.

1965 பிப்ரவரி 7 அன்று பிளேகு முகாம் மீது கெரில்லாக்கள் நடத்திய தாக்குதலில் எட்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள். பதிலடியாக வடக்கில் குண்டுகள் விழுந்தன. சோவியத் பிரதமர் கோசிகின் அப்போது ஹனோயில் விருந்தினராக இருந்தார். தன் தலைக்கு மேல் நடந்த அந்தத் தாக்குதலுக்குப் பிறகு சோவியத் உதவி பெருகாமல் என்ன செய்யும்? மார்ச் 2 முதல் தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. விமானங்கள் பறக்கத் தளம் வேண்டும். தளத்தைக் காக்கக் காவல் வேண்டும். மார்ச் 8 அன்று சுமார் 3,500 கடற்படைக் காலாட்படையினர் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். மாலையோடு இளம்பெண்கள் வரவேற்றார்கள். விமான தளத்தைப் பாதுகாக்க மட்டும் என்றுதான் அறிவிப்பு. சைகோனில் தூதராக இருந்த மேக்ஸ்வெல் டெய்லர், தானே ஒரு ஜெனரல், ஒருமுறை இந்தக் கோட்டைத் தாண்டினால் பிறகு நிற்க முடியாது என்று முன்பே எழுதியிருந்தார். அப்படியே ஆயிற்று. ஏப்ரல் 6 அன்று பிறந்த ரகசிய உத்தரவு, தளத்தைக் காக்க வந்தவர்கள் வெளியே போய்த் தாக்கவும் அனுமதித்தது. கொள்கை மாறியதாக வெளியே தெரியக் கூடாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருந்தது.

ஜூனில் அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லாண்ட் 44 பட்டாலியன்கள் கேட்டார். ஜூலை மாதம் முழுவதும் வெள்ளை மாளிகையில் விவாதம் நடந்தது. வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் தொடர்ந்து எதிர்த்தார். பெரிய அளவில் அமெரிக்க உயிர்கள் போகத் தொடங்கினால் திரும்ப முடியாத பாதையில் விழுவோம், இலக்கை அடைவதைவிட அவமானத்தோடு வெளியேறுவதற்கே வாய்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தார். ஜூலை 28 நண்பகலில், பரபரப்பில்லாத ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில், படை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயரும் என்று ஜான்சன் அறிவித்தார். இன்னும் தேவைப்படும் என்பதைப் போகிறபோக்கில் சொன்னார். ஆண்டு முடிவில் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,84,000 பேர். 1969-இல் 5,43,000 பேர்.

ஏன் இவ்வளவு அடக்கமாக அறிவித்தார்? அதே வாரத்தில்தான், ஜூலை 30 அன்று, முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 6 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம். வியட்நாமைக் கைவிட்டால் எதிர்க்கட்சியும் தன் கட்சியின் தென்மாநிலத்தவரும் சேர்ந்து தன் சமூகத் திட்டங்களைக் குழிதோண்டிப் புதைப்பார்கள் என்று அவர் அஞ்சினார். முழுப் போர் என்று அறிவித்தாலும் அதே கதிதான் நேரும் என்று நினைத்தார். அதனால் ரிசர்வ் படையை அழைக்கவில்லை, போர் வரி கேட்கவில்லை, மக்களிடம் உண்மையைச் சொல்லவுமில்லை. அந்தச் சட்டங்கள் எவ்வளவு பெரியவை என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றின் விலையை வியட்நாமியக் கிராமங்களும் அமெரிக்க ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்யூனிசம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 1965 மார்ச்சில் பாதுகாப்புத் துறை உதவிச் செயலர் ஜான் மெக்நாட்டன், தன் அமைச்சர் மெக்னமாராவுக்கு எழுதிய குறிப்பில் அமெரிக்காவின் நோக்கங்களுக்குச் சதவீதம் போட்டிருக்கிறார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70. தென் வியட்நாமைச் சீனாவின் கையில் விழாமல் காப்பது 20. அந்த மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்க்கை வாழ்வது 10. டோமினோ கோட்பாட்டைப் பற்றி அதிபர் கேட்டதற்கு, கம்போடியாவைத் தவிர வேறெந்த நாடும் உடனடியாகச் சரியும் என்று தோன்றவில்லை என்று சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டுக் குழு 1964 ஜூனிலேயே எழுதியிருந்தது. சோவியத்தும் சீனாவும் அப்போதே வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்தன. 1979-இல் கம்யூனிச வியட்நாம் மீது படையெடுத்தது கம்யூனிச சீனா.

கடைசியாக, வெளியேற வழியே இல்லையா என்ற உங்கள் துணைக் கேள்வி. இருந்தது. அதை எழுத்தில் வைத்தவர் ஜான்சனின் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. 1965 பிப்ரவரியில் அவர் கொடுத்த குறிப்பின் சாரம் இது: தேர்தலில் பெருவெற்றி பெற்றாயிற்று, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நம் பலம் மிகப் பெரியது, அடுத்த தேர்தலுக்கு நெடுநாள் இருக்கிறது, அரசியல் இழப்பு மிகக் குறைவாக இருக்கும்படி வியட்நாமிலிருந்து விலக இந்த ஆண்டைவிட நல்ல வாய்ப்பு வராது. ஜான்சன் அந்தக் குறிப்பை வாதத்துக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வியட்நாம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களிலிருந்து ஹம்ஃப்ரியை ஒதுக்கிவைத்தார். அடுத்த ஆண்டு, போரை ஆதரித்து ஊர் ஊராகப் பேசத் தொடங்கிய பிறகே ஹம்ஃப்ரிக்கு அந்த அறையில் மீண்டும் இடம் கிடைத்தது.